சொர்மானோ ஏற்றமும் ஆவணி முகூர்த்தமும்

சுவர் மாதிரி எழுந்து நிற்கிற அந்தச் சாலையில் அம்சவேணியின் பின்சக்கரம் எனக்கு முன்னால் திணறித் திணறி ஏறுகிறது, தார்மேல் எழுதியிருக்கும் உயரக் கணக்கு ஒவ்வொரு மீட்டராக என் சக்கரத்துக்கு அடியில் நழுவுகிறது, எங்கோ கீழே கோமோ ஏரி நீலமாகக் கிடக்கிறது, கீழ பாக்காதீங்க அண்ணி, மூச்ச மட்டும் கவனிங்க என்கிறாள் அவள், சரி என்று வாயைத் திறக்கும்போது வாசல் மணி அடிக்கிறது, சேலத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், சாப்பாட்டு மேசைமேல் விரித்த இத்தாலி வரைபடத்தில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன், சொர்மானோ என்ற ஊர் கன்னத்தின் வியர்வையில் நனைந்திருக்கிறது, கதவைத் திறந்தால் அம்சவேணிதான் நிற்கிறாள், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, தண்ணீர் குடுங்க அண்ணி என்கிறாள்.

அவள் என் நாத்தனார், நாத்தனாராக இருந்தவள் என்று சொல்லவேண்டும், அவளுடைய அண்ணனும் நானும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது, தீர்ப்பில் எங்கள் இருவரைத்தான் பிரித்து எழுதியிருந்தார்கள், அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் அவள் பாட்டுக்கு என்னை அண்ணி என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், தீர்ப்பு வந்த வாரம் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் படுத்துக்கிடந்தேன், பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கிறவள் இரண்டு சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள், எந்திரிங்க அண்ணி, ஏற்காடு அடிவாரம் வரைக்கும் போயிட்டு வரலாம், எனக்கு நாப்பத்தஞ்சு வயசாகுது அம்சா, அது சைக்கிளுக்குத் தெரியாதுங்க அண்ணி. போனேன், அடிவாரம் போனேன், பிறகு ஏற்காடே ஏறினேன், அடுத்த வருடம் கொல்லிமலையின் எழுபது வளைவுகள், பாதியில் ஒரு வளைவுச் சுவரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், கால் வலிக்காக அழவில்லை என்று அவளுக்குத் தெரியும், ஒன்றும் கேட்காமல் மலைவாழைப்பழத்தை உரித்து உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாள், நான் அழுதுகொண்டே தின்றுகொண்டே இருந்தேன், அதற்கெல்லாம் நன்றி சொல்ல வாய் வந்ததில்லை, இவள் இல்லாவிட்டால் நான் இன்னும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் கிடந்திருப்பேன்.

இத்தாலி அங்கிருந்துதான் ஆரம்பித்தது, ஏரிக்கு மேலே மலையுச்சியில் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு மாதா கோயில் இருக்கிறது, உள்ளே பழைய சைக்கிள்களை மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று போனில் காட்டினாள், அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இந்த மேசையில் சண்டை, ஏரிக்கரைச் சாலை குறுகல், இருட்டுச் சுரங்கம், பஸ் வேறு உரசிக்கொண்டு போகுமாம், படகில் சைக்கிளை ஏற்றி அக்கரை போய்விடலாமே என்பேன், அது அழுகுணி ஆட்டம் அண்ணி என்பாள், பையின் எடையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டியவள் பருப்புப்பொடி டப்பாவில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டாள். சொர்மானோ ஏற்றத்தை என்றைக்கு வைத்துக்கொள்வது என்று வந்தபோதுதான் தப்புப் பண்ணினோம், காலண்டரைப் பார்த்தோம், அஷ்டமி நவமி கரிநாள் எல்லாம் தள்ளி, ஆவணியில் வளர்பிறையில் ஒரு நல்ல நாளாகத் தேடி எடுத்தோம், நமக்கு நல்ல நாள் ஊருக்கெல்லாம் நல்ல நாள்தான் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

தண்ணீரைக் குடித்து முடித்தவள், அண்ணனுக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க அண்ணி என்கிறாள், கோயில்ல சின்னதா, அதே நாள்ல. நான் டம்ளரை வாங்கிக்கொள்கிறேன், நான் போகலங்க அண்ணி என்கிறாள், நாத்தனார் முடிச்ச எங்க சித்தி மக போடட்டும், அந்த நாளு நாம மலைல இருக்கணும்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பேசாமல் இருந்தால் போதும், அம்சா எனக்கு, எனக்கு மட்டும், அவள் வராமல் அந்த ஏற்றத்தை நான் ஏறப்போவதும் இல்லை. ஆனால் பேசாமல் நின்ற அந்த நேரத்தில் கெட்டிமேளம் கேட்கிறது, இருபத்தாறு வருடத்துக்கு முந்தையது, முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அவர் கையை எடுத்துவிட்டார், என் பின்கழுத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணின் ஈர விரல்கள் மஞ்சள் சரடோடு தடுமாறுகின்றன, தலைய கொஞ்சம் குனிங்க அண்ணி என்று காதோரம் ஒரு குரல், என்னை யாரோ முதன்முதலாக அண்ணி என்று கூப்பிட்ட குரல், அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த பயமெல்லாம் அதில் போயிற்று. ஆவணியில் வேறொருத்தி அதே பயத்தோடு குனிந்திருப்பாள், அவள் என்ன பாவம் செய்தாள்.

போய்ப் போட்டுட்டு வா அம்சா என்கிறேன், நாம புரட்டாசில போலாம், குளிருங்க அண்ணி, மழையும் பிடிச்சுக்கும், குளிரட்டும், புரட்டாசில எவனும் கல்யாணம் வைக்கமாட்டான். அவள் சிரிக்கவில்லை, அவங்களயும் அண்ணின்னுதான் கூப்பிடணும் என்கிறாள், கூப்பிடு என்கிறேன். உங்களுக்குக் கஷ்டமா இல்லையா அண்ணி, என் கையாலயே இன்னொருத்தருக்கு.

உங்கண்ணன் போட்டது ஒரு முடிச்சு, அது போயிருச்சு, மிச்சம் ரெண்டும் நீ போட்டதுதான, அது எங்க அவுந்துச்சு என்று கேட்கிறேன். அம்சா என் வெறுங்கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பிறகு, ஆமாங்க அண்ணி என்கிறாள்.