சுபைறா வீட்டு மதில்

முத்தலிப் ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிய வேகத்தில் பாதி நீலப் பெயிண்ட் அவர் காலிலேயே கொட்டியது.

"கெதியா அடி மனே! அசறுத் தொழுகை முடிஞ்ச கையோட அமைச்சர் வாறார். பச்சை மதிலக் கண்டாரெண்டா வந்த காரிலயே கிறுகிப் போயிருவார். எலக்ஷன் டிக்கட்டும் அவரோட போயிரும்!"

பாண்டிருப்புப் பெயிண்டர் குணம் பிறஷைத் தோய்த்தான். "இது நாலாவது கட்சி ஹாஜியார். சுனாமிக்கு முந்தி மஞ்சள். வீட்டுத்திட்டம் வருமெண்டு சிவப்பு. பொறகு பச்சை. மதில் ஒரு அங்குலம் தடிச்சிட்டு."

"நானாடா மாறின? கட்சியள்தான் என்ன விட்டுட்டு அங்கயும் இங்கயும் ஓடுதுகள். சண்டை முடிஞ்சிட்டு. இனி வெண்ட பக்கம்தான் ஊருக்கு நல்லம்."

இரண்டு முழம் நீலமாவதற்குள் கேற் திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டபடி சுபைறா.

"பிறஷை வை குணம்."

குணம் வைத்துவிட்டான். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். வீட்டு உறுதிப் பத்திரம் சுபைறா பேரில். முத்தலிப் இருபது வருடமாக அங்கே மாப்பிள்ளை மட்டுமே. முந்திய மூன்று தரமும் மனைவியிடம் கேட்டுத்தான் நிறம் மாற்றினார். இந்த முறை அவசரத்தில் மறந்துபோனார்.

"என்ட ஊட்டு மதில் பச்சையாத்தான் இரிக்கும்."

"ஒரு நாளைக்குப் புள்ள! நாளைக்கு நானே திரும்பப் பச்சை அடிச்சுத் தாறன்."

"அதையும் செய்வீங்கதான்."

குணம் சிரிப்பை இருமலாக்கினான்.

தெரு முனையில் ஹோர்ன் சத்தம். முத்தலிப் பாய்ந்துபோய், சுனாமி நிவாரணத்தில் கிடைத்த நீலத் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துவந்தார். ஒரு முனையை அவரும் மறுமுனையைக் குணமும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து மதிலை மறைத்தார்கள். காரிலிருந்து இறங்கிய அமைச்சர், இரண்டு பேரும் தனக்குத்தான் கை தூக்குகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்.

"என்ன ஹாஜியார், மதிலுக்கும் முக்காடா?"

"வெயிலுக்கு, சேர்!"

சுபைறா வந்து படங்கை ஒரே இழுவையில் உருவினாள். பச்சை பளீரென்றது. முத்தலிப்பின் கை மட்டும் இன்னும் மேலேயே நின்றது.

"விட்டுட்டு வந்த கட்சிட நிறத்த ஏன்கா இப்படிக் கட்டிப் புடிக்கிற?" என்றார் அழாக்குறையாக.

"உள்ளுக்கு வாங்க சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் சுபைறா அமைச்சரிடம். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"பச்சைக் கட்சில நீங்க விட்ட இடத்துக்கு அவங்க என்னப் போட்டுட்டாங்க. வேட்புமனுவுல நேத்தே ஒப்பம் வெச்சிட்டன்."