பால்கனிக் கண்ணாடி

அந்த இன்ஜினியரம்மா நாடக அரங்கத்துக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்தே சாவிக்காரருக்கு அவளைக் கண்டால் ஆகவில்லை. நூற்றுப்பத்து வயசுக் கட்டடம். லிப்ட் வைக்கப் போகிறோம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடப் போகிறோம் என்று வந்தவள் எதற்காகச் சுவர் சுவராகத் தட்டிப் பார்க்க வேண்டும்? அரங்கத்தைப் பூட்டித் திறந்து காவல் காத்தபடி மேடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறார் அவர். அரங்கத்தை இழுத்து மூடினால் அவரும் மனைவியும் தெருவில்தான் நிற்க வேண்டும். அந்த நினைப்பு வந்தாலே மனுஷனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவள் ஏணியில் ஏறி, பால்கனியின் அடியில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் தேதியும் எழுதினாள்.

"இது எதுக்கு மேடம்?"

"விரிசல் வளருதான்னு பாக்கத்தான், அண்ணே. கண்ணாடி உடைஞ்சா கட்டடம் அசையுதுன்னு அர்த்தம். மூணு மாசம் யாரும் தொடாம பாத்துக்குங்க."

இது போதாதா அவருக்கு? உடைந்தால் ஆபத்து என்று எழுதுவாள், எழுதினால் இடித்துவிடுவார்கள். அன்று முதல் காலையில் எழுந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டிக்கெட் கவுண்டரில் உட்காரும் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லகூட என்னை இப்படிப் பாத்ததில்லையே நீங்க!"

பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாடகம் பார்க்க வந்தார்கள். பால்கனி கொள்ளாத கூட்டம், ஒவ்வொரு காட்சிக்கும் காலைத் தட்டித் தட்டி ஒரே அமர்க்களம். மறுநாள் காலை கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த இன்ஜினியரம்மாவேதான் உடைத்திருப்பாள், சந்தேகமே இல்லை! சுரண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே அளவில் வேறு துண்டு வெட்டி ஒட்டி, தேதியைக்கூட அவள் எழுத்து மாதிரியே எழுதினார். அந்தப் பதற்றத்தில் பையில் போட்டதை அடியோடு மறந்துபோனார்.

அதற்குப் பிறகு மனைவியின் போக்கும் சரியில்லை. பால்கனி வெறிச்சோடிக் கிடக்க, வருகிறவர்களிடமெல்லாம் "மேல இடமில்ல" என்றாள். கேட்டால் இடுப்பு வலி, படியேறிச் சீட்டைக் காட்ட முடியவில்லை என்றாள். இவளும் அந்த இன்ஜினியரம்மாவோடு சேர்ந்துகொண்டாளோ?

மூன்று மாதம் கழித்து இன்ஜினியரம்மா ஏணியில் இருந்து சிரித்த முகத்தோடு இறங்கினாள்.

"நல்ல செய்தி அண்ணே! கண்ணாடி முழுசா இருக்கு. பால்கனிக்கு இரும்புத் தூண் குடுக்கலாம்னு இருந்தேன், இனிமே வேண்டாம். அடுத்த வாரமே மேல முந்நூறு பேரை உக்கார வைக்கலாம்."

"உடைஞ்சிருந்தா... இடிச்சிருப்பீங்கதானே?"

"இடிக்கிறதா? யாரு சொன்னா? ரெண்டு தூண் நிறுத்தியிருப்போம், அவ்வளவுதான்."

காலைத் தட்டிய பிள்ளைகள் சாவிக்காரர் கண்முன் வந்தார்கள். தலைக்கு மேலே இருந்த விரிசலை ஒருமுறை பார்த்தார்.

"உடைஞ்சுது மேடம். பிள்ளைங்க வந்த மறுநாளே. நான்தான் மாத்தி ஒட்டினேன்."

அவள் முகம் வெளுத்தது. "அந்தத் துண்டு எங்க?"

அவர் சட்டைப்பையைத் தடவினார். அதற்குள் மனைவி கவுண்டரிலிருந்து எழுந்து வந்து, காகிதத்தில் சுற்றிய இரண்டு கண்ணாடித் துண்டுகளை நீட்டினாள்.

"சட்டை துவைக்கும்போது கையைக் கிழிச்சுது. இவரே வாயைத் திறந்து சொல்லட்டும்னு இருந்தேன். அன்னையிலேருந்து ஒரு ஆளக்கூட மேல ஏத்தல."

சாவிக்காரர் கொத்திலிருந்து பால்கனிச் சாவியைக் கழற்றி இன்ஜினியரம்மா கையில் கொடுத்தார். "தூண் நிறுத்துற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும், மேடம்."