அம்போனுக்கு விட்ட விளக்கு

வெள்ளம் எங்கள் சந்துக்குள் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வந்ததைக் கழுவி முடித்து, நாற்காலிகளை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தபோதே பிங் ஆறு மறுபடியும் ஏறிவிட்டது. அந்தத் தடவை கடைக்குள் என் மார்பு வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகுதான் வேலையே தொடங்கியது. தண்ணீர் தானாகப் போய்விடும், சேறு போகாது. அலமாரிக் கதவின் இடுக்கில், மின்விசிறிக்குள், அரிசி டப்பாவின் மூடித் திருகில்கூடச் சேறு. சுவரில் புத்தர் படத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பழுப்புக் கோடு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் காய்ந்ததும் அது மறுபடி தெரிந்தது.

எங்களுடையது காவ் சோய் கடை. தேங்காய்ப்பால் குழம்பும் நூடுல்ஸும் விற்றுத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தோம். இரவல் வாங்கிய மேசைகளைப் போட்டு ஒருவழியாகத் திரும்பத் திறந்தோம். ஆனால் களைப்பு போகவில்லை. தூங்கி எழுந்தாலும் உடம்பு படுத்த இடத்திலேயே கிடப்பதுபோல இருந்தது. வந்தவர் எலுமிச்சைத் துண்டு கேட்பார். என் மனைவி ஸ்ரீநுவன், அவர் கேட்டது என்னவென்று மறந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பக்கத்து வீட்டில் அம்போன் இருந்தாள். தையல்காரி, ஸ்ரீநுவனைவிட நாலைந்து வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஸ்ரீநுவன் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரின் மேல்தான் இருவர் பேச்சும். மதியமானால் அம்போன் தன் கிண்ணத்தோடு வந்து, எங்கள் ஜாடியில் கைவிட்டுக் கடுகுக்கீரை ஊறுகாயை அள்ளிக்கொண்டு போவாள். கேட்கமாட்டாள். ஒரு நாள் அவள் வராவிட்டால் இவள் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

வெள்ளத்தில் அம்போனின் தையல் எந்திரங்கள் போயின. தெற்கே இதே ஆறு போய்ச் சேரும் நகோன் சவானிலிருந்து அவள் மகன் வண்டி கொண்டுவந்து, மிச்சமிருந்ததை ஏற்றினான். அம்போன் சொல்லிக்கொள்ள எங்கள் குழாயடிக்கு வந்தாள். ஸ்ரீநுவன் குழம்புப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"போறவங்க போகலாம். இருக்கிறவங்களுக்கு வேலை இருக்கு," என்று பானையிடம் சொன்னாள்.

 அம்போன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து போன் வரும். ஸ்ரீநுவன் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பாள்.

இப்படி இருக்கும்போது பௌர்ணமி நெருங்கியது. சந்தில் ஒவ்வொரு வாசலிலும் காகிதக் கூண்டு விளக்குகள் ஏறின. எங்கள் வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது. சந்துத் தலைவர் புன்மா வந்து, விளக்கும் தொங்கவிட வேண்டும், பௌர்ணமிச் சாயங்காலம் ஆற்றில் மிதக்கவிடும் கிரதோங் விளக்கும் படித்துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். ஆற்றில் குப்பை போட்டதற்கும் அழுக்கைக் கரைத்ததற்கும் கங்கையம்மாவிடம் மன்னிப்புக் கேட்காமல் இருக்கலாமா, அதுவும் இந்த வருஷம் என்று கேட்டார். எங்களுக்கு எல்லா ஆறும் கங்கையம்மாதான்.

ஸ்ரீநுவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அதுதான் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. நான் அது வீட்டுக்குப் போகல."

புன்மா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

பௌர்ணமியன்று காலையில் கோயிலுக்குப் போனோம். சோறும் பழமும் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஸ்ரீநுவன் தூணில் சாய்ந்ததும் கண்ணை மூடிவிட்டாள். பெரிய பிக்கு வருஷாவருஷம் சொல்கிற கதையைச் சொன்னார். முன்னொரு காலத்தில் ஹரிபுஞ்சை நகரத்தில் காலரா வந்தது. பிழைத்தவர்கள் ஊரைப் போட்டுவிட்டு மேற்கே மலை தாண்டி ஹொங்சாவதிக்கு ஓடினார்கள். நோய் அடங்கியதும் பலர் திரும்பினார்கள். சிலர் அங்கேயே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, வயலும் வாங்கித் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இந்த மாதப் பௌர்ணமியில் சோறு, துணி, வெற்றிலை எல்லாம் வைத்து விளக்கேற்றி, தங்கிவிட்ட சொந்தங்களுக்கென்று ஆற்றில் மிதக்கவிட்டார்கள்.

தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி நடக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, அங்கேயே தங்கினவங்க மேல யாரும் கோவப்படலயா?"

"அதெல்லாம் பிக்கு சொல்லலயே."

"இந்த ஆறு ஹொங்சாவதிக்குப் போகாதே. தெக்கதானே போகுது."

"போகாதுதான்," என்றேன்.  

மதியம் கூட்டம் இருக்கும்போதே குழம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கடையை மூடினாள். பானையில் பாதிக் குழம்பு இருந்தது. கொல்லையில் வெள்ளம் சாய்த்த வாழை கிடந்தது. அதைக் குறுக்கே வெட்டி, வட்டமாக ஒரு துண்டு எடுத்தாள். சுற்றிலும் இலை மடித்துக் குத்தினாள். குழம்பு கிளறிக் கிளறி விறைத்துப்போன விரல்களுக்கு மடிப்பு ஒழுங்காக வரவில்லை. ஒரு பக்கம் பூவாகவும் ஒரு பக்கம் கிழிந்த காதாகவும் இருந்தது. மெழுகுவத்தி, ஊதுபத்தி, இரண்டு சாமந்தி. பிறகு ஜாடியைத் திறந்து ஊறுகாயை ஒரு சின்னப் பையில் போட்டுக் கட்டி நடுவில் வைத்தாள். ஒரு நூல்கண்டும் வைத்தாள். 

நிலா ஏறும் நேரத்துக்குப் படித்துறைக்குப் போனோம். அக்கரையில் சுற்றுலாக்காரர்கள் வானில் பறக்கும் காகித விளக்குகளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று அணையாமலே சரிந்து எங்கள் சந்தின் கூரைகள் பக்கமாக இறங்கியது. யாரோ வாளியோடு ஓடினார்கள்.

"கீழேருந்து தண்ணி, மேலேருந்து நெருப்பு," என்றாள் ஸ்ரீநுவன்.

நல்ல படிகளில் கூட்டம். அவள் யார் கண்ணிலும் படாமல் ஓரமாக இறங்கினாள். அங்கே கீழ்ப்படிகளை வெள்ளச் சேறு மூடியிருந்தது. மேலே காய்ந்து தரை மாதிரி தெரிந்தது. மெழுகுவத்தியை ஏற்றி, குனிந்து, கிரதோங்கைத் தண்ணீரில் வைத்தாள். அது ஒரு சாண் போய்ச் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. கையால் அலையடித்துப் பார்த்தாள். நகரவில்லை. தள்ளிவிடலாமென்று ஒரு காலை முன்னால் வைத்தாள். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இன்னொரு காலை வைத்தாள், அதுவும் போனது. கைநீட்டி எப்படியோ தள்ளிவிட்டாள். ஓட்டத்தைத் தொட்டதும் கிரதோங் சுழன்று, கிழிந்த பக்கத்தைக் காட்டிக்கொண்டு மற்ற விளக்குகளோடு சேர்ந்துகொண்டது.

அவளைத் தூக்கப் போனேன், நானும் புதைந்துவிட்டேன். இருவருக்கும் காலை இழுக்கத் தெம்பில்லை. அப்படியே பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். மேலே புன்மா பார்த்துவிட்டு, பலகை கொண்டுவரும்படி யாரிடமோ சொல்வது கேட்டது.

"அம்போன் அக்காவுக்குப் போன் போடுங்க," என்றாள் ஸ்ரீநுவன்.

போட்டுக் கொடுத்தேன். சேற்றுக் கையால் வாங்கிக்கொண்டாள். ஆற்றங்கரையில் சத்தமாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு ஆத்துல விட்டிருக்கேன்."



"என்னது?"

"ஊறுகாய்."

"நடுவுல அணை இருக்கேடி."

"தெரியும்."

அம்போன் மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் கோவமா?"

"களைப்பா இருக்குக்கா. அன்னிக்குத் தலையைத் தூக்கினா அழுதுடுவேன்னு இருந்துச்சு. அழுதா யார் பானை தேய்க்கிறது?"

"எனக்கும்தான். இங்க எல்லாம் காஞ்சு சுத்தமா இருக்கு, மெத்தைகூட இருக்கு. படுத்தா தூக்கம் வரல."

"எப்ப வர்றீங்க?"

அம்போன் சுற்றி வளைக்கவில்லை. மகன் பழைய எந்திரம் ஒன்று வாங்கித் தந்திருக்கிறான், சந்தை ஓரம் இடமும் கிடைத்திருக்கிறது, இனி இன்னொரு வெள்ளத்தைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றாள். வீட்டை விற்கச் சொல்லிவிட்டாளாம்.

ஸ்ரீநுவன் ஆற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கிரதோங் எது என்று இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிக்கா," என்றாள். "நல்ல ஆளா பாத்து வித்துட்டுப் போங்க. சுவத்துக்கு மேல பேசுற மாதிரி."

"உன் வாய்க்கு யாருடி நிப்பா?"

இவள் சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது. அது அழுகையாக மாறுவதற்குள் அம்போன் போனை வைத்துவிட்டாள்.

புன்மாவின் பலகை வந்தது. எங்களை இழுத்துப் போட்டார்கள். ஸ்ரீநுவனின் ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நல்ல படிகளுக்குப் போனாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஆற்றுக்குள் விட்டு, தொடை முதல் பாதம் வரை நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். அவள் காலைச் சுற்றி நீர் பழுப்பாகக் கலங்கியது.

"அழுக்கைக் கரைக்கிறேன்," என்றாள், என்னிடமா ஆற்றிடமா என்று தெரியவில்லை. "பொறுத்துக்கோ."

வீட்டுக்கு வந்ததும் மீதிக் குழம்பைச் சூடு பண்ணினேன். இரண்டு கிண்ணத்தில் ஊற்றித் திரும்புவதற்குள் அவள் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தாள். எழுப்பவில்லை. எதிரே உட்கார்ந்து என் கிண்ணத்தைக் காலி செய்தேன்.