பாதியாகச் சுண்டிய தண்ணீர்

அப்பாவின் தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மூத்தவளின் போன் அடித்தது. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். இரண்டு வாரத்துக்கு முன் வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருந்தாள். இப்போது எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

“கிருமி ஒண்ணுமில்லைங்க,” என்றார் பரிசோதகர். “ஆனா யுரேனியம் வரம்புக்கு மேல நாலு மடங்கு இருக்கு. அடியில இருக்கற பாறையிலேருந்து வர்றது. நிறம், வாசனை, ருசி எதுவும் காட்டாது. குடிக்கிறதை இன்னையோட நிறுத்திடுங்க. வீட்ல யாருக்காவது கிட்னி தொந்தரவு இருக்கா?”

“அப்பாவுக்கு.” ‘இருந்தது’ என்று அவள் சேர்க்கவில்லை. “இதனாலதானா?”

“ஒருத்தரை வச்சு அப்படிச் சொல்லிட முடியாதுங்க. ஆனா இது தாக்குறது கிட்னியைத்தான்.”

“நாங்க கொதிக்க வச்சுத்தானே குடுத்தோம்?”

“தண்ணிதாங்க ஆவியாப் போகும். அது போகாது. மிச்சத்துல இன்னும் அடர்த்தியா நிக்கும்.”

ஆறு வருஷம். கிட்னி பழுது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா அடுப்பில் தனிப் பானை ஏற்றினாள். கொதி வந்தால் போதும் என்று விடமாட்டாள். பாதியாகச் சுண்டும்வரை பக்கத்திலேயே நிற்பாள். “தண்ணி கேட்டா கஷாயம் குடுக்குறா” என்று முனகிக்கொண்டே அப்பா கடைசிச் சொட்டுவரை குடிப்பார்.

கூடத்தில், அவரோடு முப்பது வருஷம் போர்வெல் போட்ட கூட்டாளி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐந்நூறுல தண்ணி வந்தாலும் இன்னும் நூறு இறக்குடான்னு நிப்பியே, அறுநூறடி! இப்ப ஆறடி போதும்னு படுத்துட்டியா?”

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே பிறகு அழுதார்.

அம்மா அந்தப் பானையோடு வந்தாள். “விடிஞ்சதும் அவருக்குன்னு காய்ச்சினது. வீணாப் போக வேணாம், ஆளுக்கு ஒரு வாய் குடிங்க.”

கூட்டாளி வாங்கி மடக்கென்று குடித்தார். அடுத்த டம்ளர், ஆறு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்த தங்கையை நோக்கி நீண்டது.

“குடும்மா, நான் ஊத்துறேன்,” என்று மூத்தவள் குறுக்கே புகுந்து இரண்டையும் வாங்கினாள். பானை தரையில் விழுந்த சத்தத்தில் அழுகை ஒரு கணம் நின்றது.

“கை தவறிடுச்சும்மா.”

அம்மா திட்டவில்லை. துணி எடுத்துவந்து மண்டியிட்டாள். இவளும் மண்டியிட்டாள். இருவர் தலையும் நெருங்கியபோது அம்மா நிமிராமலே கேட்டாள்.

“போன்ல தண்ணி டெஸ்ட்காரங்கதானே?”

“ம்.”

“கிருமியாமாடி? இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டிருக்கணுமோ?”

“கிருமியே இல்லையாம்மா. நீ நல்லாத்தான் கொதிக்க வச்சிருக்கே.”

அம்மாவின் தோள்கள் இறங்கின. துணியைப் பிழிந்தாள்.

“அப்ப இனிமே சின்னவளுக்கும் இப்படியே காய்ச்சிக் குடுத்துடுறேன்.”

மூத்தவள் வாயைத் திறந்தாள். துடைத்தது போக மிச்சத் தண்ணீர் சரிவு பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்கள்.