எல்லாமே நைஸ்

தையல்காரம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டே அவள் ஒரு குடித்தனம் நடத்திவிடுவாள். துணி வழுவழுவென்று இருந்தால் நைஸ். வரிசையில் நிற்காமல் கடைக்குள் வருகிறவர் நைஸாக நுழைகிறவர். காரியம் ஆகவேண்டி மகன் குழைந்து பேசினால், நைஸ் பண்ணாதே என்று ஒரு அதட்டல்.

அந்த மகன் வேற்று பாஷைக்காரி ஒருத்தியைக் கல்யாணம் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். மருமகளுக்குத் தமிழ் தெரியாது, மாமியாருக்கு அவள் பாஷை தெரியாது. மகன் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால், இரண்டு பேருக்கும் நடுவே மிச்சம் இருந்தது அந்த ஒற்றை வார்த்தைதான். டீ கொடுத்தால் மருமகள் நைஸ் என்பாள். மழை பெய்தால் நைஸ். டீயில் சர்க்கரை போட மறந்த அன்றும் நைஸ். அங்கேதான் தையல்காரம்மாவுக்குப் பொறி தட்டியது.

ஆசையாக அவளுக்கு ஒரு கவுன் தைத்தாள். கைக்குழி இறுக்கமாகிவிட்டது. தைத்தவளுக்குத் தெரியாதா? மருமகளோ கையைத் தூக்க முடியாமலே "நைஸ்" என்றாள். நாள் முழுக்க அதையே போட்டுக்கொண்டு, கையைத் தூக்கினாலே எட்டுகிற அலமாரியில் இருந்த நூல்கண்டை நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள்.

மகன் வந்ததும் அம்மா புலம்பித் தீர்த்தாள். மரியாதை தெரிந்த பெண் என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

"மரியாதையெல்லாம் கடைக்கு வர்றவங்க குடுக்கட்டும். வீட்ல இருக்கறவ குறை சொல்லணும்டா. இவ கடைசி வரைக்கும் விருந்தாளியாவே இருந்துடுவாளோன்னு பயமா இருக்கு."

பயம் நிஜம்தான். விருந்தாளி என்றைக்காவது கிளம்பிவிடுவாள். அதுவரை பகலெல்லாம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எவ்வளவுதான் பல்லைக் காட்டுவது?

மறுநாள் ஒரு முடிவோடு மெஷினில் உட்கார்ந்தாள். எவருக்கோ தைத்ததில் மிஞ்சிய திரைச்சீலைத் துணி. ஒரு கை முழங்கை வரை, இன்னொன்று விரல் நுனியையும் தாண்டி. கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக ஃப்ரில். இத்தனை வருஷத் தொழிலில் இப்படியொரு கண்றாவியை அவள் தைத்ததில்லை. தைக்கும்போதே கை கூசியது.

மருமகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பழக்கதோஷத்தில் வாய் "நைஸ்" என்று ஆரம்பித்து, பாதியில் நின்றது. பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். தொங்கிய கையைத் தூக்கிப் பிடித்தபடி மாமியாரிடம் வந்தாள்.

"அம்மா. நைஸ் இல்ல."

சொன்ன கையோடு கத்தரிக்கோலை எடுத்து ஃப்ரிலை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். தையல்காரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா? துணியை நாசமாக்காதே என்று பிடுங்கினாள். மருமகள் தன் பாஷையில் பொரிந்து தள்ளினாள், டீ டம்ளரைக் காட்டி முகத்தைச் சுளித்தாள். மாமியாரும் சளைக்கவில்லை.

சத்தம் தெருமுனை வரை கேட்டது. வேலை முடிந்து வந்த மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து நடுவில் புகுந்தான்.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"தள்ளிப் போடா. இப்பதான் என் மருமக வீட்டுக்கு வந்திருக்கா."