பற

ப்ளவுஸின் இடது கையை இணைத்துவிட்டு வலது கையை ஊசிக்கு அடியில் கொடுத்த நேரத்தில் இசக்கிசெல்வியின் போன் கிணுங்கியது. சும்மா இருந்திருக்கலாம். தைத்து முடித்துவிட்டுப் பார்த்திருந்தால் ஆஷா டீச்சரின் ப்ளவுஸாவது பிழைத்திருக்கும். எடுத்தாள், படித்தாள், நம்பாமல் மறுபடியும் படித்தாள். கால் தன்பாட்டுக்கு மெஷினை அமுக்கிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் வலது கை உள்பக்கம் வெளியே தெரிய ஒரு சாண் தூரம் போயிருந்தது.

கரமனையில் பாலத்துக்கு இந்தப்புறம் ஒரு சந்தில் இருக்கிறது கடை. 'லேடீஸ் டெய்லர்' என்று மட்டும் போர்டு. அவளுக்கு ஊர் பணகுடி. கட்டிக்கொண்டது சுசீந்திரத்துத் தாணுமாலையனை. அவன் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். இருவரும் திருவனந்தபுரத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இதெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தெரியும். நாற்பதை எட்டிப் பார்க்கும் இந்த டெய்லர் சேச்சி ஒரு ராப் பைத்தியம் என்பதுதான் தெரியாது. காதில் வயர் தொங்கினால் சாமி பாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கேட்டதையெல்லாம் போனில் பேசிப் பேசியே எழுத்தாக்கி ஒரு வலைப்பூவில் போடுவாள். அதற்கு 'ஊசிக்காது' என்று பெயர். ஆல்பங்களை அவள் அளப்பது ப்ளவுஸ் கணக்கில். வடசென்னை அக்கா தங்கை இருவர் பாடிய 'உப்புத் தண்ணி' லைனிங் இல்லாத ஒரு ப்ளவுஸ்: வெட்டிய துணியில் தொடங்கினால் கடைசி ஹூக்கில் முடியும். விழிஞ்ஞத்துப் பையன்கள் கரைவலை இழுக்கிற சத்தத்தையே தாளமாக வைத்துப் போட்டது அரை ப்ளவுஸ்தான், ஆனால் அந்த வீடியோவில் அவர்கள் நிற்கிற நிற்பு இருக்கிறதே! கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்துத் திட்டுகிறார்கள். திமிர் என்றால் அதுவல்லவா திமிர். அமெரிக்கக்காரன் ஒருவன் பாடுவதில் நாலில் ஒரு பங்குதான் அவளுக்குப் புரியும், ஆனால் எங்கே மூச்சு எடுக்கிறான் என்பது முழுசாகப் புரியும். எல்லோரும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று ஒரு பதிவே எழுதியிருக்கிறாள். தையலிலும் ஊசி துணிக்குள் இறங்கி ஒரு நொடி நிற்கிற இடத்தில்தானே துணியைத் திருப்ப முடியும்?

போன வாரம் 'நெஞ்சுக்கு நெருக்கமான ஏழு ஆல்பங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டாள். முதலிடம் 'மூணாம் நம்பர் லயம்'. பாடியவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கொழுந்து. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன். பாட்டுகள் பாதி தமிழ், பாதி மலையாளம். கடைசிப் பாட்டில் தாளம் நின்றுபோய் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். பற. பற. பற. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பஸ்ஸில் நின்றபடி இந்தச் சொல்லைக் கேட்டுத்தான், ஆறு வருஷம் பார்த்த தையல் யூனிட் வேலைக்கு முழுக்குப் போட்டாள். பட்டியலில் அதைத்தான் எழுதியிருந்தாள்: 'பறந்து போ என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் கொழுந்து. பறந்தேன்.' எழுபது பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள்.

இப்போது வந்திருப்பது ஸ்ரீவராகத்து வினய் என்கிற கல்லூரிப் பையனின் பின்னூட்டம். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்கோ. அது பறவையோட பற இல்ல. மலையாளத்து பற. சொல்லுன்னு அர்த்தம்." பையன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது அதற்குக் கீழே. 'ஊசிக்காதா, ஓட்டைக்காதா' என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கும் முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அது போகட்டும் என்றால், சனிக்கிழமை ஒன்று வந்துகொண்டிருந்தது. வழுதக்காட்டில் ஒரு வாசகசாலையின் மாடியில் நாலு மணிக்கு ராப் பிரியர்கள் கூடுகிறார்கள், ஆளுக்கு ஒரு ஆல்பம், ஐந்து நிமிஷம் பேச வேண்டும். நடத்துகிறவள் பத்மப்ரியா என்ற பெண். பட்டியலைப் படித்துவிட்டு, 'ஊசிக்காது' அவசியம் வந்து 'மூணாம் நம்பர் லயம்' பற்றிப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தாள். இசக்கிசெல்வியும் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

சாயங்காலம் வந்த தாணுவிடம் சொன்னால், அவன் நகத்துச் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே சிரித்தான். "எட்டி, பன்னெண்டு வருசமா இங்க கெடக்கோம். ஒரு நாளைக்கு அம்பது பேரு 'பற சேச்சி, ப்ளவுஸ் எப்போ கிட்டும்'னு கேக்கா. அதெல்லாம் காதுல விழல்லியா?"

"அது கடையில. இது பாட்டுல."

"பாட்டுல வந்தா சொல்லுக்குச் செறகு மொளைக்குமோ?"

"சிரிக்காதீய. எனக்கு வயிறு எரியுது."

மறுநாள் ஆஷா டீச்சர் ப்ளவுஸ் வாங்க வந்தார். கையைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன், பத்து நிமிஷம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, இசக்கிசெல்வி அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டாள். "டீச்சர், இவன் எந்தா பறயுந்நது?"

டீச்சர் காதைக் கொடுத்தார். "பறயான் பறயுந்நு, அல்லே?" சொல்லச் சொல்கிறான், இதில் என்ன சந்தேகம் என்கிற முகம்.

கடையில் கூடமாட இருக்கும் பேச்சி, மூலையில் ஹூக் வைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிர்ந்தாள். பணகுடியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு. "இல்லக்கா. பறந்து போவச் சொல்லுதான். எனக்கு நல்லாவே கேக்கு."

டீச்சருக்குத் தமிழ் அரைகுறை, பேச்சிக்கு மலையாளம் சுத்தமாகத் தெரியாது. இரண்டு பேரும் இசக்கிசெல்வியை நடுவில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வாதாடினார்கள். பாட்டு மூன்று தரம் ஓடியது. கடைசியில் டீச்சர், நல்ல பாட்டு, எனக்கும் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆளுக்கொரு காது, காதுக்கொரு பாட்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். மனசு கேட்டால்தானே?

அவர் போனபின் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். நூறு தரமாவது பார்த்திருப்பாள் அதை. மூடுபனி இறங்கிய தேயிலைச் சரிவு, மேட்டில் ஏறிக் கொழுந்து இரண்டு கையையும் விரிப்பான். அந்தக் கையைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள். விரித்த கையைப் பார்த்த பிறகு வேறு எந்தப் பறயைக் கேட்க முடியும்? இன்று கைக்குக் கீழே பார்த்தாள். கூடை தூக்கிய பெண்கள் வரிசையாக வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு தரம் 'பற' என்னும்போதும் ஒருத்தி வாயைத் திறக்கிறாள். கடைசிப் பறயில் எல்லா வாயும் திறந்திருக்கிறது. கண்ணு முன்னாலேயே இருந்திருக்கிறது, கண்ணுதான் போகவில்லை.

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் யூனிட்டில் அவள் வாயே திறந்ததில்லை. அங்கே சூப்பர்வைசர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எடி பாண்டி, இங்கோட்டு வா." தமிழ்க்காரர்களை இளக்காரமாகச் சொல்கிற பேர் அது. ஆறு வருஷம் அந்தப் பேருக்கு எழுந்து போனாள். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, இந்தச் சேச்சி பேர் என்ன என்று கேட்டதற்கு, நாற்பது பேர் நடுவில் அந்த ஆள் சொன்னான்: "பாண்டிக்குப் பேரெந்தினா?" பாண்டிக்கு எதற்குப் பேர் என்று. நாற்பது பேரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறியவள், அந்தப் பாட்டைக் கேட்டபின் திரும்பிப் போகவே இல்லை. பறந்தேன், பறந்தேன் என்று நான்கு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அதற்குப் பேர் ஓட்டமல்லவா?

காய்ச்சல், வர முடியாது என்று பத்மப்ரியாவுக்கு ஒரு செய்தி தயார் செய்தாள். அனுப்புவதற்குள் தாணு எட்டிப் பார்த்துவிட்டான். நெற்றியில் கையை வைத்தான். "எங்க காய்ச்சல்? ஐஸ் கணக்கா இருக்கு."

"அங்க போயி என்னத்த பேச? தப்பாக் கேட்டவளுக்கு என்ன பேச்சு இருக்கு?"

"தப்பாக் கேட்டேன்னு பறையேன்." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "எங்க ஊருலயும் பறைன்னுதாம்ட்டி சொல்லுவோம். கட்டுன நாள்லருந்து நானும் சொல்லிட்டுதான் இருக்கேன். நீ எங்க கேட்டே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷன் ஒருத்தன். செய்தியை அழித்தாள்.

சனிக்கிழமை மாடியில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். எல்லாம் சின்ன வயசு. பத்மப்ரியா வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுவந்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஆனால் கிணுகிணுவென்று ஆட்டுவாள், பேசுகிறவர் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் பேசிய பையனுக்கு இரண்டு தரம் ஆட்டியும் அவன் உட்காரவில்லை, மூன்றாம் தரம் காதருகே போய் ஆட்டினாள். ஒரே சிரிப்பு. அடுத்து 'ஊசிக்காது' என்று கூப்பிட்டதும் எல்லோரும் சுற்றுமுற்றும் ஏதோ ஒரு காலேஜ் பெண்ணைத் தேடினார்கள். தோளில் அளவு டேப் கிடப்பதைக்கூட மறந்து வந்திருந்த இசக்கிசெல்வி எழுந்து மைக் முன்னால் போய் நின்றாள். முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அவன்தான் வினய் என்று கேட்காமலே தெரிந்தது.

மலையாளத்தில் பேசுவதற்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். காகிதத்தை விரித்தாள். முதல் வரி வாய்க்கு வரவில்லை.

"பற சேச்சி," என்றாள் பத்மப்ரியா. தைரியம் சொல்லத்தான் சொன்னாள், பாவம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவன் மேஜையில் தட்டினான், பாட்டின் கடைசியில் அந்தச் சொல் விழுகிற அதே கணக்கில். பக்கத்திலிருந்தவனும் தட்டினான். பற. பற. பற. கிண்டல் இல்லை அது, முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. வினய்கூடத் தலையைத் தூக்கி மெதுவாகத் தட்டினான். எந்தப் பற என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. காகிதத்தை மடித்தாள்.

"நான் இந்தப் பாட்டத் தப்பாக் கேட்டேன்," என்றாள். தமிழில்தான் வந்தது. "பறக்குற பறன்னு நெனச்சு வேலைய விட்டுட்டு வந்தேன். வந்தது நல்லதுக்குதான், ஒரு கொறையும் இல்ல. ஆனா வாரதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருக்கணும். சொல்லல."

தட்டு நின்றது.

"அங்க ஒரு ஆளு கேட்டாரு. பாண்டிக்குப் பேரெந்தினான்னு."

யாரும் சிரிக்கவில்லை. பத்மப்ரியாவின் முகம் சிவந்தது. இசக்கிசெல்வி மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எம் பேரு இசக்கிசெல்வி."

பின்சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பேர் அவளுக்கே திரும்பி வந்தது. நல்ல சத்தமாக, ஒரு எழுத்தும் தேயாமல்.

"செரி. இப்ப ஆல்பத்தப் பத்திச் சொல்லுதேன்," என்று முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தாள். கொழுந்து எங்கே மூச்சு எடுக்கிறான், எங்கே எடுக்காமல் நம்மை மூச்சுமுட்ட வைக்கிறான் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். வாய் திறக்கிற பெண்களைத் தனக்குக் காட்டிக்கொடுத்த பையன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். மூன்றாம் பாட்டுக்கு வரும்போது ஐந்து நிமிஷம் தாண்டிவிட்டது. பத்மப்ரியா மணியை எடுத்தாள். எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தவறிக்கூட ஒலித்துவிடாதபடி அதன் நாக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.