பூஜ்யம் புகார், முழு மதிப்பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம், நான் பசியோடு எழுதிய ஒரு கேள்வி. நிறுவனங்கள் தங்கள் ஆட்களை எப்படி நடத்துகின்றன என்று அளந்து மதிப்பெண் போட ஒரு படிவம் தயாரிக்கச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. இருபத்தேழாவதாக இப்படித் தட்டினேன்: 'கடந்த ஆண்டில் வந்த புகார்கள் எத்தனை? பூஜ்யம் என்றால் முழு மதிப்பெண்.' யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. சாப்பிடப் போனேன்.

2

தையல் ஆலையின் சன்னல்களில் காலை வெயில்

வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாக ஏறி இறங்கும் மதிப்பீட்டாளர் ஒருத்தி. (முதல் வரைவில் கண்டிப்பான ஆண், கண்ணாடி வேறு. எனக்கே நம்பிக்கை வரவில்லை, தூக்கிவிட்டேன்.) திங்கட்கிழமை அவள் போன ஆலையில் புகார்ப் பெட்டியின் பூட்டு துருவேறிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. புகார் பூஜ்யம். முழு மதிப்பெண்.

செவ்வாய்க்கிழமை போன ஆலையில் மேலாளர் வாராவாரம் பெட்டியைத் திறந்து, எல்லார் முன்னாலும் வாசித்து, முடிந்ததைச் சரிசெய்கிறார். ஒரே ஆண்டில் நாற்பத்தொரு புகார். அதனால் மொத்த மதிப்பெண் அறுபதுக்குக் கீழே இறங்குகிறது. அறுபது இல்லையென்றால் சட்டை வாங்கும் கம்பெனி ஆர்டரை வேறிடத்துக்குக் கொடுத்துவிடும், இருநூறு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும்தான், என்மேலேயே.

3

"பூஜ்யம்னே போட்டுடுங்க மேடம்," என்றார் மேலாளர். "நாளைக்கே அந்தப் பெட்டியை எடுத்துடறேன். நல்லது செய்யப்போய் வம்பை வாங்கிக்கிட்டேன்."

தையல் இயந்திரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"அவசர வாசல்ல மூட்டை அடுக்கியிருக்குன்னு நான்தான்க்கா எழுதினேன், பேரு போட்டு. அன்னைக்கே எடுத்துட்டாங்க. பூஜ்யம்னு போட்டா, நான் எழுதவே இல்லைன்னு ஆயிடாதா?"

4

முடிவு அ: நாற்பத்தொன்று என்று எழுதுகிறாள். நேர்மைதான். வேலை போன இருநூறு பேரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

முடிவு ஆ: பூஜ்யம். வேலை தப்புகிறது, பெட்டி போகிறது. அடுத்த முறை அவசர வாசலை மூட்டைகள் அடைத்திருக்கும்போது

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்கப் பார்க்கிறேன்.)

முடிவு இ: கேள்வியையே மாற்றுகிறார்கள். அதற்குப் படிவத்துக்கு ஒப்புதல் தந்த குழு ஒன்றுகூட வேண்டும், அது அடுத்த ஆண்டுதான் கூடும். என் சொந்தக் கதையில்கூட அந்தக் குழுவைச் சீக்கிரம் கூட்ட என்னால் முடியவில்லை.

5

கடைசியில் அவள் எனக்கே ஃபோன் போட்டுவிட்டாள்.

"சார், இருபத்தேழாவது கேள்வி நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"அப்போ பதிலையும் நீங்களே சொல்லுங்க. அந்தப் பொண்ணு பக்கத்துலதான் நிக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்தேன். உங்களை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது இதற்குத்தான், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஃபோனை உங்களிடம் தருகிறேன், ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.